கதவில் கிடந்த சங்கிலி

1984ஆம் ஆண்டு ஜூலை மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டே கால் மணிக்கு டனூட்டா வில்க் முதன்முதலாக மெர்வ் வாட்லியைப் பார்த்தாள். சரியாகச் சொன்னால், அவருடைய பூட்ஸைத்தான் முதலில் பார்த்தாள். வில்காரா ஊருக்கு மேலே, மலைச்சாலையின் தடுப்பை ஒட்டிய சங்கிலி மாட்டும் இடத்தில், யாருடைய காருக்கோ அடியிலிருந்து அவை நீட்டிக்கொண்டிருந்தன. அன்று மூன்று மணிக்கு அவள் ஹோகன்ஸ் கேப் நீர்மின் நிலையக் குடியிருப்பின் உணவுக்கூடத்தில் சமையல் பொறுப்பை ஏற்க வேண்டியிருந்தது. அங்கே போய்ச் சேர இன்னும் இருபத்தேழு கிலோமீட்டர் பனியில் மலையேற வேண்டும்; பூமியின் தென்பாதியில் இருக்கும் அந்த ஊருக்கு ஜூலைதான் நடுக்குளிர்காலம். அவளிடம் பனியில் வழுக்காமலிருக்க டயருக்கு மாட்டும் சங்கிலி இல்லை. தடுப்பருகே இருந்த கடையில் வாடகைச் சங்கிலிகள் காலையிலேயே தீர்ந்துபோயிருந்தன.

காருக்குச் சங்கிலி மாட்டிவிட்டு அடியிலிருந்து வெளியே வந்தவர் ஒல்லியான மனிதர்; குளிர்காலத்தில் அதுதான் அவர் வேலை. வயது நாற்பத்து நான்கு இருக்கலாம். இரண்டு முழங்கால்களிலும் ரப்பர் பட்டை கட்டியிருந்தார். அவளுடைய வெள்ளை ஸ்டேஷன் வேகனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயர்களைப் பார்த்தார். பின் இருக்கையில் கிடந்த குடையை அதைவிடச் சற்று நேரம் கூடுதலாகப் பார்த்தார்.

"சங்கிலி இல்ல. பரவால்ல, குடை இருக்கே," என்றார்.

தன் தகப்பனார் இதே மலையில் பதினோரு ஆண்டுகள் சுரங்கம் வெட்டியவர் என்றும், போலந்திலிருந்து வந்த குடும்பத்துக்குப் பனியைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம் என்றும் டனூட்டா சொன்னாள்.

"சுரங்கத்துக்குள்ள பனி பெய்யாதுங்க," என்றார் மெர்வ்.

பிறகு தம் வண்டியிலிருந்து ஒரு பழைய ஜோடிச் சங்கிலியை எடுத்துவந்து, ஏழு நிமிடத்தில் அவளுடைய பின்சக்கரங்களில் மாட்டினார். அது அவருடைய இரண்டாவது ஜோடி. கொடுக்கும்போது இரண்டு விஷயங்கள் சொன்னார். சாலையில் தார் கண்ணில் பட்டதும் கழற்றிவிட வேண்டும், வெறும் தாரில் ஓட்டினால் சங்கிலி போய்விடும் என்பது ஒன்று. அக்டோபர் முதல் திங்கட்கிழமை தம் கொட்டகையில் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் டனூட்டா செய்யவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள், வில்காராவில் காய்கறி வாங்கித் திரும்பும் வழியில், பன்னிரண்டு கிலோமீட்டர் வெறும் தாரில் சங்கிலியோடே ஓட்டினாள். காற்று அப்படி வீசியது. இறங்கி மண்டியிட மனம் வரவில்லை. வலப்பக்கச் சங்கிலி அறுந்து, மட்காட்டில் ஆழமான கோடு ஒன்றை இழுத்துவிட்டு, சாலையோரப் பள்ளத்தில் போய் விழுந்தது. மிஞ்சிய ஒற்றைச் சங்கிலியால் பயனில்லை. உணவுக்கூடத்தின் பின்புறம், குப்பைத்தொட்டிகள் வைக்கும் கம்பிவலை அடைப்பின் கதவு காற்றில் இரவெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கதவை இந்தச் சங்கிலியால் சுற்றிக் கட்டிப் பூட்டினாள். தனக்கென்று புதிய ஜோடி ஒன்றும் வாங்கிக்கொண்டாள். மெர்விடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஓர் ஆண்டு கடந்தபின் சொல்வதற்கு வெட்கமாகிவிட்டது.

அக்டோபர் முதல் திங்கட்கிழமையோடு குளிர்காலம் முடிந்தது என்பது அந்த மலையில் எழுதாத சட்டம். அன்று நண்பகலுக்குள் மேலும் கீழும் உள்ள அத்தனை பேரும் தங்கள் சங்கிலிகளை வில்காராவில் இருந்த மெர்வின் தகரக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அவர் அவற்றை வெந்நீரில் அலசி, கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் பூசி, சுவரில் வரிசையாக அடித்த ஆணிகளில் மாட்டுவார். ஒவ்வோர் ஆணிக்குக் கீழேயும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெயர். அடுத்த ஜூன் வரை அவை இறங்குவதில்லை. இடையில் பனி பெய்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், மார்ச்சில் கிறிஸ்துமஸ் வந்தால் என்ன செய்வாய் என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். ஜூனில் சங்கிலி இல்லாமல் மாட்டிக்கொள்வது நகரத்திலிருந்து வருகிறவர்கள் செய்யும் தவறு. நவம்பரில் மாட்டிக்கொள்ளும் தவறை அந்த மலைக்காரர்களால் மட்டுமே செய்ய முடியும்.

சுவரில் ஓர் ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. அதன் கீழே 'மெர்வ் – 2' என்று எழுதியிருந்தது. ஒவ்வோர் அக்டோபரிலும் டனூட்டா தன் புதிய ஜோடியை ஒப்படைக்கும்போது, பழையதை மேலேயே மறந்து வைத்துவிட்டதாகச் சொல்வாள். அவர் அவசரமில்லை என்பார். பிறகு இருவரும் வேறு ஏதாவது பேசுவார்கள். அந்த ஆணியை அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வருவாள்.

கோடைக்காலத்தில் மெர்வுக்கு வேறு வேலை. சாலையின் விளிம்பைக் காட்ட இருபது மீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கும் ஆரஞ்சு நிறப் பனிக்கம்பங்களைப் பிடுங்கி, பெயிண்ட் அடித்து, மறுபடி நடும் குழுவில் அவர் இருந்தார். குழு மேலே வரும் வியாழக்கிழமைகளில் டனூட்டாவின் உணவுக்கூடத்தில் பூசணி சூப் குடிப்பார். குடித்துவிட்டு, உப்புப் பற்றவில்லை என்பார். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு வியாழக்கிழமைகூட அவர் அதைச் சொல்லத் தவறியதில்லை. அவளும் உப்புக் குப்பியை அவர் முன்னால் ஓசைப்பட வைக்கத் தவறியதில்லை.

1996 நவம்பர் பதினான்காம் தேதியும் வியாழக்கிழமைதான். காலையில் ஈ மொய்க்கும் அளவுக்கு வெயில் இருந்தது. பதினோரு மணிக்குக் காற்று தெற்கே திரும்பியது. மெர்வின் கூட்டாளிகள் அன்று பிடுங்கிய ஐம்பது கம்பங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கீழே போய்விட்டார்கள். சூப்புக்காகத் தங்கிய மெர்வ், மாலைத் தபால் வண்டியில் இறங்கலாம் என்று இருந்தார். பன்னிரண்டரைக்கு விழத் தொடங்கிய பனி, ஒன்றரைக்கெல்லாம் ஜன்னலின் பாதியை மறைத்துவிட்டது. அந்த மலையில் ஜூலை மாதத்தில்கூட அப்படி ஒரு பனியை டனூட்டா பார்த்ததில்லை. இனித் தபால் வண்டி வரப்போவதில்லை.

மெர்வ் இரண்டு கரண்டி சூப் குடித்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு உப்பு சரியா இருக்கு," என்றார்.

டனூட்டா சட்டென்று திரும்பினாள். அவர் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நெற்றி வியர்த்திருந்தது. இடது கை மேசையின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

வில்காராவின் செவிலி கொலீனிடம் தொலைபேசியில் பேசிய நான்கு நிமிடத்தில் நிலைமை தெளிவாகிவிட்டது. இது மாரடைப்பு. ஒரு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்ல வேண்டும். படுக்க வைக்க வேண்டும். சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகாவிட்டால் பிழைக்க மாட்டார். மேகம் இறங்கிவிட்டதால் ஹெலிகாப்டர் வராது. பனி தள்ளும் வண்டி வருடாந்திரப் பழுதுபார்ப்புக்கு நகரத்துக்குப் போயிருக்கிறது. குடியிருப்பின் இரண்டு ஜீப்புகளும் மலையின் மறுபுறத்தில் மின்நிலையத்தில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஆம்புலன்ஸுக்குச் சங்கிலி போட்டால் பாதி மலை ஏறலாம்; அதற்குமேல் உள்ள செங்குத்தில் அது ஏறாது. கீழே இருக்கும் ஆட்டுக்குடில் வரை யாராவது அவரை இறக்கிக் கொண்டுவந்தால் அங்கே எதிர்கொள்ளலாம். ஆனால் ஆம்புலன்ஸின் சங்கிலியும் மெர்வின் கொட்டகையில்தான் தொங்குகிறது.

"பூட்டை உடைக்கச் சொல்லு," என்றார் பெஞ்சில் கிடந்த மெர்வ். "சாவி என் பையிலதான் இருக்கு. ரெண்டாவது வரிசை, மூணாவது ஆணி."

ஊரின் அத்தனை சங்கிலிகளையும் தம் கையாலேயே ஆணியில் மாட்டியவர் அவர். டனூட்டாவின் சங்கிலியும் அங்கேதான் தொங்கியது. அவளுடைய கார் கோடை டயர்களோடு வெளியே நின்றது. இருபது மீட்டர் ஓட்டிப் பார்த்தாள். பின்பக்கம் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து விறகு அடுக்கில் போய்ச் சாய்ந்தது. உள்ளே வந்து சொன்னாள். மெர்வ் பெஞ்சில் தலையை அவள் பக்கம் திருப்பினார்.

"உன் பின் கதவுல ஒண்ணு கிடக்குல்ல," என்றார்.

"என்னது?"

"என் சங்கிலி. அத வெட்டு."

டனூட்டா பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எண்பத்தாறுல பாத்தேன். எலும்பக் குப்பைத்தொட்டில போட வந்தப்ப."

"பாத்துட்டு ஏன் கேக்கல?"

"கதவு ஆடாம நின்னுது." மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னொண்ணு தார்ல போச்சு. அதுவும் தெரியும். உன் மட்காட்ல எழுதியிருக்கே."

ஒரு சக்கரத்தில் மட்டும் சங்கிலி இருந்தால் மற்றது வெறுமனே சுழலும். அதனால் ஒற்றைச் சங்கிலியைத் துண்டு துண்டாக்கி இரண்டு பின்சக்கரங்களுக்கும் பங்கிட வேண்டும். இடுப்பு வலியால் வளைய முடியாத பண்டகக் காப்பாளர் ஸ்டான் இரும்பு வெட்டும் கட்டரைக் கொண்டுவந்தார். துருவேறிய சங்கிலியை டனூட்டா எட்டுத் துண்டாக வெட்டினாள். சக்கரத்துக்கு நான்காக டயரின் குறுக்கே போட்டு, ரிம்மின் துளைகள் வழியே வேலிக்கம்பியை நுழைத்து முறுக்கினாள். கையுறையோடு கம்பி முறுக்க வரவில்லை, கழற்றி எறிந்தாள். எடைக்காக நான்கு மாவு மூட்டைகளைக் காரின் பின்புறம் ஏற்றினாள். மெர்வை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி, அதில் கயிறு கட்டி ஸ்டானும் அவளுமாக இழுத்து வந்து, பின் இருக்கையில் படுக்கவைத்துக் கம்பளியால் சுற்றினார்கள். கடைசி நொடியில், சூப் கிளறும் ஆளுயர மரக்கரண்டியையும் உள்ளே எறிந்தாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியாது. மணி மூன்று பத்து.

முதல் மூன்று கிலோமீட்டர் ஏற்றம். சங்கிலித் துண்டுகள் பிடித்தன. பனி பம்பரைத் தாண்டி எஞ்சின் மூடியின் மேல் வந்து விழுந்தது. துடைப்பான்கள் பனிக்கட்டியாகி நின்றுவிட, பக்க ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி ஓட்டினாள். இமைகள் ஒட்டிக்கொண்டன. வலப்புறம் ஒவ்வோர் ஆரஞ்சுக் கம்பமாகத் தோன்றி மறைந்தது. அந்தக் கம்பங்களைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. உச்சியைக் கடந்து இறக்கத்துக்கு வந்தபோது முதல் துண்டு அறுந்து, மட்காட்டை இரண்டு முறை அறைந்துவிட்டுப் போனது. அடுத்த வளைவில் இன்னொன்று.

"எத்தன போச்சு?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரெண்டு. நீ பேசாம படு."

"முறுக்கு பத்தல."

"உப்பும் பத்தலேன்னு சொல்லு."

அவர் சிரிக்க முயன்றது அவளுக்குக் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பதாவது கிலோமீட்டரில் கம்பங்கள் தீர்ந்துபோயின. டனூட்டா காரை நிறுத்தினாள். முன்னால் மேலும் கீழும் ஒரே வெள்ளை; சாலை எது, பள்ளத்தாக்கு எது என்று சொல்ல முடியவில்லை. இடப்பக்கம் எங்கோ நூற்றைம்பது மீட்டர் ஆழம் இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

"கம்பத்தக் காணோம், மெர்வ்."

பின்னால் கம்பளி அசைந்தது.

"நான்தான் புடுங்கினேன்," என்றார் பிறகு. "காலைல. ஒரு கிலோமீட்டர்."

கம்பங்கள் இப்போது வில்காராவில் ஒரு லாரியின் மேல் கிடந்தன. சங்கிலிகள் ஆணிகளில் தொங்கின. அவற்றை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர் பின் இருக்கையில் செத்துக்கொண்டிருந்தார். டனூட்டா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். திரும்பிப் போகவும் முடியாது. இன்னொன்றும் அறுந்துபோக, மிஞ்சிய ஐந்து துண்டுகளோடு அந்த ஏற்றத்தில் கார் ஏறாது. இங்கேயே நின்றால் இருட்டுவதற்குள் கார் மூடிப்போகும். எஞ்சினை அணைத்தால் அவர் குளிரில் போவார்; அணைக்காவிட்டால் புகையில் இருவரும் போவார்கள். வேண்டிக்கொள்ள அவளுக்குத் தெரிந்தது தாயார் சொல்லித்தந்த போலந்து ஜெபம் ஒன்றுதான். அதில் பாதி மறந்துவிட்டிருந்தது.

பிறகு மரக்கரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கரண்டியின் காம்பால் பனியைக் குத்தினாள். கீழே தார் தட்டுப்பட்டால் கெட்டியான சத்தம், ஓரம் வந்தால் மெத்தென்று இறங்கியது. இருபது அடி வைத்து நடந்து, தார் விளிம்பில் கரண்டியை நட்டு, அதன் தலையில் தன் சிவப்பு ஏப்ரனைக் கட்டினாள். வந்த தடத்திலேயே திரும்பிக் காருக்கு வந்து, ஏப்ரன் வரை ஓட்டினாள். இறங்கினாள். பிடுங்கினாள். மறுபடி குத்தினாள். காலையில் பிடுங்கிய ஐம்பது கம்பங்களுக்குப் பதிலாக ஒரே ஒரு கரண்டி. அதை ஐம்பது முறைக்கு மேலும் நட வேண்டியிருந்தது. இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பன்னிரண்டாவது முறையிலேயே மரத்துப்போயின. பிறகு எண்ணுவதை விட்டாள். எண்ணினால் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறை காருக்குள் வரும்போதும் எதையாவது கேட்டாள். அவரும் ஒரு சொல்லாவது சொன்னார். ஒருமுறை வந்தபோது பதில் இல்லை. திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது, உதடுகள் நீலம். கம்பளிக்குள் கையை விட்டு மார்பில் வைத்தாள். மரத்த விரல்களுக்கு எதுவும் தெரியவில்லை. கன்னத்தை அவர் மூக்கருகே கொண்டுபோனாள். ஏதோ இருந்தது; அவருடைய மூச்சா, தன்னுடையதா என்று அவளுக்கு உறுதியில்லை.

"யோவ் மெர்வ்," என்றாள். "இப்ப செத்தேன்னா, பன்னெண்டு வருஷமா நான் உங்கிட்ட சொன்ன பொய்க்கெல்லாம் அர்த்தமே இல்லாமப் போயிரும். கேக்குதா? எந்திரிச்சு எங்கிட்ட சங்கிலியக் கேளு. ஒரு தடவ வாயத் திறந்து கேட்டுட்டு அப்புறம் சாவு."

கேட்கவில்லை. அவர் எதையும் கேட்கவில்லை. டனூட்டா கரண்டியோடு மறுபடி இறங்கினாள். பேசிக்கொண்டே நடந்தாள், திட்டிக்கொண்டே குத்தினாள், அழுதுகொண்டே நட்டாள். எத்தனை முறை என்று தெரியாது. கடைசியாக ஒருமுறை கரண்டியை நட்டு நிமிர்ந்தபோது, அதற்கு அப்பால் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ நின்றது. போய்த் தொட்டுப் பார்த்தாள். கம்பம்.

காருக்குள் வந்து கியரைப் போட்டபோது பின்னால் ஓர் அரற்றல் கேட்டது.

"எத்தன மிச்சம்?"

டனூட்டா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "மூணு," என்றாள் பிறகு. "வலப்பக்கம் ஒண்ணு."

"ரெண்டாவது கியர். பிரேக்கத் தொடாத."

இரண்டாவது கியரில், பிரேக்கைத் தொடாமல், நான்கு கிலோமீட்டர். ஆட்டுக்குடிலின் வளைவில் திரும்பும்போது மணி ஏழாக ஐந்து நிமிடம் இருந்தது. சாம்பல் வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எதிரே சிவப்பு விளக்கு சுழன்றது. ஆம்புலன்ஸின் நான்கு சக்கரங்களிலும் எண்ணெய் மினுங்கும் சங்கிலிகள். டனூட்டாவின் காரில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. அதுவும் காரை நிறுத்தியபோது கழன்று விழுந்தது.

வழியில் அவருடைய இதயம் ஒருமுறை நின்றது என்றும், மின்னதிர்ச்சி கொடுத்து ஓடவைத்தார்கள் என்றும் கொலீன் பிறகு சொன்னாள். மூன்று வாரம் கழித்து மெர்வ் வீடு திரும்பினார். மண்டியிடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சங்கிலி மாட்டும் இடத்தில் வேறொருவர் வந்தார். தம் கொட்டகையின் பூட்டை உடைத்ததைப் பற்றி மட்டும் மெர்வ் பல மாதங்கள் புலம்பினார். சாவி கையில் இருக்கும்போது எவனாவது பூட்டை உடைப்பானா என்பார். டனூட்டாவின் இரண்டு விரல் நுனிகளுக்கு உணர்வு திரும்பவில்லை. வில்காராவில் சங்கிலிகள் இப்போது டிசம்பரில்தான் ஆணிக்குப் போகின்றன.

அடுத்த ஆண்டு, முதல்முறையாக டிசம்பரில், டனூட்டா கொட்டகைக்கு இரண்டு ஜோடிகளோடு போனாள். ஒன்று அவளுடையது. மற்றொன்று புத்தம் புதியது, உறைகூடப் பிரிக்காதது. மெர்வ் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு சங்கிலியும் எங்கே போக வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். அவள் புதியதை எடுத்துக்கொண்டு வெறுமையான ஆணியருகே போனாள்.

"அங்க இல்ல," என்றார்.

"இது உனக்கு. நான் தரவேண்டியது."

"அந்த ஆணியோடது வெளிய வேலையா இருக்கு. உன்னோடத உன் ஆணியில போடு. புதுச கடையிலயே திருப்பிக் குடு."

குனிய முடியாமல், நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் காலால் வெளியே தள்ளினார். பனி உருகியபின் கம்பக் குழுவினர் சாலையோரத்தில் பொறுக்கிய ஐந்து துண்டுகள் அதில் இருந்தன. அவற்றைத் தேய்த்து, எண்ணெய் பூசி, வளையங்களால் ஒன்றாகக் கோத்திருந்தார். ஒரு கதவைச் சுற்றிக் கட்டச் சரியான நீளம்.

"காத்து வந்தா ஆடும்ல," என்றார்.

டனூட்டா அதை எடுத்துப்போய்ப் பழைய இடத்திலேயே கட்டினாள். 2005 மார்ச்சில் மெர்வ் வாட்லி இறக்கும்வரை 'மெர்வ் – 2' என்ற ஆணியில் எதுவும் தொங்கவில்லை. அது எங்கே என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.